முத்துப்பாரிலிருந்து பவளப்பாறைக்கு: கடலடியைக் காட்டும் படகுகளின் முன்வரலாறு

துர்கா பூஜை நெருங்கும்போது கொல்கத்தாவின் பயண முகவர் கடைகளில் அந்தமான் என்னும் பெயர் தவறாமல் எழுந்துவிடும். ஆவணக்காப்பகப் பணிக்காக இந்நகரில் தங்கியிருக்கும் எனக்கு இது பழகிய காட்சி. சென்ற விடுமுறையில் அங்கே சென்று திரும்பிய என் அண்டைவீட்டார் தம் கைபேசியில் படங்களைக் காட்டினார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, முகத்தை மூடிய கண்ணாடி, வாயில் வளைந்த குழாய். வழிகாட்டி இளைஞர் ஒருவர் மிதவை வளையத்தைப் பற்றி இழுத்துச் செல்ல, கணவனும் மனைவியும் அதைப் பிடித்தபடி தலைகுனிந்து பவளப்பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “தாதா, உங்கள் தமிழ்நாட்டுக் கடலில் இப்படி உண்டா?” என்று அவர் கேட்டார்.

எங்கள் கடலில் அடித்தளத்துக்கு ஆள் அழைத்துச் செல்லும் படகு ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு என்றும், வெறுமனே பார்ப்பதற்காக மட்டும் நெடுங்காலம் யாரும் அதில் ஏறியதில்லை என்றும் விடை சொன்னேன். அப்போதுதான் அந்தப் படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. மிதவை வளையத்தைப் பற்றியிருந்த அவர் மனைவியின் மணிக்கட்டில் வெண்சங்கு வளையல் இருந்தது. வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் அணியும் ‘சாங்கா’ அது. அந்தச் சங்கை யாரோ ஒருவர், பெரும்பாலும் மன்னார் வளைகுடாவிலோ இலங்கைக் கடலிலோ மூச்சடக்கி மூழ்கி எடுத்திருப்பார். கடலடியைப் பார்க்கச் சென்றவர், கடலடியில் உழைத்தவரின் கைப்பொருளை அணிந்தே சென்றிருக்கிறார். இந்த நீண்ட பதிவு அந்த இருவருக்கும் இடையிலுள்ள வரலாற்றைப் பற்றியது.

1

ஸ்நோர்கலிங் எனப்படும் குழாய்மூச்சு நீச்சலின் வரலாற்றைப் பொதுவாக மத்தியதரைக் கடலிலிருந்து தொடங்குவார்கள். தோற்றக் கதை ஏறத்தாழ இவ்வாறு அமையும்: 1930களில் பிரெஞ்சு ரிவியராக் கரையில் சிலர் நீர்புகாத கண்ணாடிகளை அணிந்து மீன்வேட்டையாடினர். அங்கு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கை கில்பாட்ரிக் 1938இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். லூயி தெ கார்லியூ காலில் மாட்டும் துடுப்புகளுக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். ஜாக் கூஸ்தோ 1936இல் துலோன் நகரருகே முதன்முதலாகக் கண்ணாடி அணிந்து கடலுக்குள் தலையை விட்டபோது தம் வாழ்க்கையே திசைமாறியதாகக் கூறினார். போருக்குப் பின் 1950இல் மயோர்க்கா தீவின் அல்குதியாவில் கிளப் மெடிட்டரேனி தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்தது. கடலும் வெயிலும் நடுத்தர வர்க்கத்தின் நுகர்பொருள்களாயின. கூஸ்தோவின் ‘அமைதியுலகம்’ திரைப்படம் 1956இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. அதன்பின் கடலடி என்பது உலகெங்கும் ‘பார்க்கத்தக்க இடம்’ ஆயிற்று.

இந்தக் கதையில் பிழையில்லை, குறை உண்டு. அதே மத்தியதரைக் கடலின் கிழக்கே சிமி, கலிம்னோஸ் முதலிய கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுப்போர், பத்துக் கிலோ எடையை ஒட்டிய தட்டையான கல்லைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக மூழ்கிவந்தனர். 1913இல் இத்தாலியப் போர்க்கப்பலொன்று கார்ப்பாத்தோஸ் தீவருகே நங்கூரத்தை இழந்தபோது, எழுபது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அதைக் கண்டு கயிறு கட்டியவர் இத்தகைய பஞ்சுகுளிப்பாளர் ஒருவரே. ரிவியராவின் கண்ணாடி அணிந்த கனவான்களுக்கு முன்பே அக்கடலின் அடித்தளம் உழைப்பாளிகளால் துல்லியமாக அறியப்பட்டிருந்தது. ஆனால், அவர்கள் பெயர் பொழுதுபோக்கின் வரலாற்றில் முன்னுரையாகக்கூட இடம்பெறுவது அரிது.

மன்னார் வளைகுடாவுக்கும் இதே விதிதான்.

2

கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் கிரேக்கக் கையேடு, பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடத்தப்பட்டதாகக் குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக எழுதினார். இந்தக் ‘கடற்கட்டி’களை 1890இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட குறிப்புகளிலும் காண்கிறோம். அதற்குள் போர்த்துக்கேயர் வந்திருந்தனர். பரதவர் 1530களில் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கும், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறியிருந்தது. மந்திரிப்பவரின் சமயமும் மாறியது. ஆனால், அவர் கரையில் இல்லாமல் குளிப்போர் கடலில் இறங்க மறுக்கும் வழக்கம் மாறவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டே, நடைமுறையில் அதற்கு இடமளித்தனர். கடலில் இறங்குபவரின் அச்சத்துக்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள் என நான் கருதுகிறேன்.

ஒரு முத்துக்குளிப்பு நாளின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நள்ளிரவுக்குப் பின் கரையிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்படும். விடியும் வேளையில் பாரை அடையும். ‘பார்’ என்பது சிப்பிகள் படிந்த கடலடிப் பாறைத்திட்டு. தொளாயிரம் பார் முதலாக ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கரையடையாளங்களையும் ஆழத்தையும் கொண்டு தண்டல் அதன் இடத்தை அறிவார். ஒவ்வொரு கல்லுக்கும் இருவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவார். மூழ்குபவர் கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால்வைத்து, விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து முதல் இருபது மீட்டர் வரை இறங்குவார். கீழே அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், சிலருக்கு அதற்குச் சற்று மேல். கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்போது அனைத்துத் தோணிகளும் ஒன்றாகக் கரை திரும்பும்.

தெரிந்த இடம், குறித்த நேரம், வழியறிந்த தண்டல், இணையாக இறங்கும் இருவர், மேலே காவல், ஆபத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் என இவ்வமைப்பின் கூறுகளைப் பட்டியலிட்டால், இன்று வழிகாட்டியுடன் செல்லும் ஸ்நோர்கலிங் படகின் விதிமுறைத் தாளுக்கு அது மிக நெருங்கி வருவதைக் காணலாம். இதைக் கொண்டு ‘எல்லாம் நம்மிடமிருந்து சென்றது’ என்று முடிவுகட்ட வேண்டாம் என மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புமை வேறு, வழிமரபு வேறு. மனித உடல் நீருக்குள் எதிர்கொள்ளும் இடர்கள் ஒன்றாக இருப்பதால் ஏற்பாடுகளும் ஒத்திருக்கின்றன. ஆனால், இக்கடலில் அத்தகைய ஏற்பாடு முன்பே இருந்தது என்பதும், அதை நடத்தியவர்கள் கற்றுத் தேர்ந்த வல்லுநர்கள் என்பதும் உறுதியான உண்மைகள்.

ஒரு வேறுபாடு அடிப்படையானது. வெறுங்கண் நீரைத் தொட்டவுடன் விழிவெண்படலம் தன் ஒளிவளைக்கும் ஆற்றலின் பெரும்பகுதியை இழக்கிறது. எல்லாம் மங்கித் தெரியும். முகக்கண்ணாடி செய்வதெல்லாம் கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிது காற்றை நிறுத்துவதே. அந்தக் காற்று இல்லாத காலத்துக் குளிப்போர் கண்ணைக் காட்டிலும் கையையே நம்பினர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும், அந்தமான் கடலின் கீழைக் கரையில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகளைப் பற்றி லுண்ட் பல்கலைக்கழகத்தின் அன்னா கிஸ்லென் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நம்மை நிதானிக்கச் செய்கிறது. அக்குழந்தைகள் நீருக்குள் பாவையைச் சுருக்கிக்கொள்வதால் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு கூர்மையாகப் பார்க்கின்றனர். அப்படியானால் தூத்துக்குடியின் குளிப்பாளர் என்ன பார்த்தார்? அவர் கண்ட கடலடியின் வண்ணனை எந்தக் குடியேற்ற ஆவணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. எத்தனை சிப்பி எடுத்தார் என்ற கணக்கு மட்டும் நாள்தோறும் உண்டு. 1905இல் இலங்கைப் பகுதியில் நடந்த பெருங்குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று அறிகிறோம். மறு ஆண்டு ஒரு நிறுவனம் இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பியே இல்லாமல் அக்குத்தகை குலைந்தது. எண்ணிக்கை தெரிந்தவர்களுக்குக் கடலடி தெரியவில்லை.

3

இனி கொல்கத்தா. ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றியவர். சங்கைப் பற்றிய அவருடைய முழுநூல் 1914இல் சென்னை மீன்வள வெளியீடாக வந்தது. ஆனால், அதற்கு ஓராண்டு முன்பே, 1913இல், சங்கு வளையல் தொழிலைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையை வெளியிட்டது வங்காள ஆசியக் கழகம். தமிழ்க் கடலில் எடுத்த பொருளைப் பற்றிய ஆய்வு பார்க் தெருவிலிருந்து வெளியானதில் வியப்பில்லை. பொருள் சென்ற வழியே ஆய்வும் சென்றது. தூத்துக்குடியிலும் இராமநாதபுரக் கரையிலும் எடுக்கப்பட்ட சங்குகள் மூட்டைகளாகக் கல்கத்தாவுக்கு ஏற்றப்பட்டன. டாக்காவிலும் கல்கத்தாவிலும் சாங்காரி எனப்படும் கைவினைஞர்கள் பிறைவடிவ இரும்பு வாளால் அவற்றை அறுத்தனர். தமிழகத்தில் சங்கறுக்கும் தொழில் ஒருகாலத்தில் செழித்திருந்ததற்குச் சங்கப் பாடல்களே சான்று. அத்தொழில் இங்கே மறைந்தபின் நம் கரைக்கு மூழ்குவது மட்டும் எஞ்சியது. அறுப்பதும் அணிவதும் வங்காளத்துக்குப் போயின.

இந்த நகருக்குக் கடலடியோடு வேறோர் உறவும் உண்டு. இந்தியக் கடலளவைக் கப்பலான ‘இன்வெஸ்டிகேட்டர்’ வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் இழுவலை போட்டு எடுத்த உயிரினங்கள் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் குவிந்தன. 1888இல் அக்கப்பலின் மருத்துவ-இயற்கையியலராகச் சேர்ந்த ஆல்ஃபிரட் அல்காக் பின்னர் அந்த அருங்காட்சியகத்தின் தலைவரானார். தம் கடல் அனுபவங்களை 1902இல் நூலாக வெளியிட்டார். 1916 ஜூலை 1 அன்று இந்திய விலங்கியல் ஆய்வகம் இந்நகரிலேயே தோன்றியது. நெல்சன் ஆனன்டேல் அதன் முதல் இயக்குநர். பின்னர் இயக்குநரான சீமோர் சீவெல் இந்தியக் கடல்களைப் பற்றிய தம் தொடர் ஆய்வுகளை ஆசியக் கழகத்தின் வெளியீடாகவே பதிப்பித்தார்.

இவர்களின் உழைப்பின்மீது எனக்கு மதிப்பு உண்டு. இன்று அந்தமானின் பவளப்பாறையில் ஒரு மீனைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இந்த நகரின் கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன. ஆனால், அறிவு பெறும் முறையைக் கவனிக்க வேண்டும். கப்பல் மேலே நின்றது. வலை கீழே சென்றது. எடுத்தவை மதுசாரத்தில் நிறமிழந்து நின்றன. அறிவியலாளர் கடலடியைப் பார்க்காமல் அதன் உயிர்களை அறிந்தார். குளிப்பாளர் கடலடியை அறிந்தும் எழுத்தில் பதியவில்லை. இவ்விரு அறிவுகளும் ஒரே கடலில் பக்கம்பக்கமாக இருந்து, எழுத்தில் சந்தித்தது மிகக் குறைவு. ஹார்னெல் போன்றோரிடம்தான் அந்தச் சந்திப்பின் சில சுவடுகள் கிடைக்கின்றன. பாரின் பெயர்களும், குளிப்போரின் பருவ அறிவும் அவர் எழுத்துகளில் இடம்பெறுகின்றன.

4

முகக்கண்ணாடி இக்கடல்களுக்கு எப்போது பொழுதுபோக்காக வந்தது? இலங்கையில் தடம் தெளிவாக இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956இல் அங்கே குடியேறியதற்குக் கடல்மூழ்கல் ஆர்வமே முதன்மைக் காரணம். அவரும் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமி மலையடியில் மூழ்கி, பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். கிளார்க் தொடர்புடைய ‘அண்டர்வாட்டர் சஃபாரிஸ்’ நிறுவனம் பயணிகளைக் கடலடிக்கு அழைத்துச் செல்லும் தொழிலை அங்கே ஊன்றியது. இன்று நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஸ்நோர்கலிங் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளுள் தமிழ் பேசும் மீனவர்கள் பலர் உள்ளனர். அத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

அந்தமானின் கதைக்குத் தொடக்கம் வேறு. 1858இல் தண்டனைக் குடியேற்றமாக நிறுவப்பட்ட அத்தீவுகளுக்குக் கல்கத்தாவிலிருந்து சென்ற கப்பல்களில் இருந்தவர்களுக்குக் கடல் அச்சத்தின் பெயர்: காலாபானி. பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் அதே வழியில் அனுப்பப்பட்டனர். ஹேவ்லாக் தீவின் கோவிந்தநகர், இராதாநகர் முதலான ஊர்கள் அவர்களின் குடியேற்றங்கள். நெல்லும் வாழையும் பயிரிட வந்த அந்த உழவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று கொல்கத்தாவிலிருந்து வரும் பயணிகளை வங்காளியிலேயே வரவேற்றுக் கடலுக்குள் அழைத்துச் செல்கின்றனர். அத்தீவு 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது.

ஆனால், அந்தமான் கடலடியை முதலில் தொழிலாக அறிந்தவர்கள் வேறு சிலர். 1920களில் பர்மாவிலிருந்து கொண்டுவந்து நடு அந்தமானில் குடியேற்றப்பட்ட கரேன் மக்கள் மூச்சடக்கி மூழ்குவதில் பெயர்பெற்றவர்கள். பொத்தான் செய்யவும் அணிகலன் செய்யவும் பயன்பட்ட டிரோக்கஸ், டர்போ என்னும் பெருஞ்சிப்பிகளை எடுக்கும் தொழிலும் அக்கடலில் இருந்தது. 1930களை ஒட்டி ஜப்பானியரும் அதில் ஈடுபட்டனர். 2001இல் இச்சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அத்தொழிலின் வாயில் அடைபட்டது. ஆழம் அறிந்த உடல்களுக்கு எஞ்சியிருந்த வேலைகளுள் ஒன்று, மற்றவர்களுக்கு ஆழத்தைக் காட்டுவது. அந்தமானின் மூழ்கல் மையங்களில் கரேன் வழிகாட்டிகளைக் காண்பதன் பின்னணி இதுதான். எடுப்பதற்காகப் பயின்ற திறன், எடுக்காமல் காட்டும் தொழிலாக மாறியது.

இந்த மாற்றத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்த முதன்மையான இடம் வாண்டூர். 1983இல் அங்கே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. பதினைந்து தீவுகள், 281 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. பயணிகளுக்குத் திறந்தவை ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய இரண்டே; அவையும் பருவத்துக்கு ஒன்றாக மாறிமாறி. பிளாஸ்டிக் கொண்டுசெல்லத் தடை. கண்ணாடித் தளம் பதித்த படகில் முதலில் சுற்றிக்காட்டுவார்கள். பின்னர் விரும்புவோர் வழிகாட்டியோடு நீரில் இறங்கலாம்.

மாறிமாறித் திறக்கும் இம்முறையைப் படித்தபோது பழைய முத்துப்பார்களே நினைவுக்கு வந்தன. எந்தப் பாரும் விரும்பியபோது திறக்கப்படவில்லை. முதலில் சோதனைக் குளிப்பு நடக்கும். சிப்பியின் வயதும் முத்தின் தரமும் மதிப்பிடப்படும். போதாதெனில் ஆண்டுக்கணக்கில் பார் மூடியே கிடக்கும். தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பின் பார்கள் திறக்கப்படவே இல்லை. 1973இல் கே. அழகர்சாமி தலைமையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். கடலை ஓய்வெடுக்க விடுவது பாதுகாப்பியல் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. வருவாய் நிர்வாகமும் அதைத் தன் நோக்கத்துக்காகச் செய்தது.

5

இப்போது இப்பதிவை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறேன். 1986இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றிய பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் அதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இதன் தேவையை மறுப்பதற்கில்லை. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் பிற தொழில்களுக்காகவும் பவளப்பாறைகள் ஆண்டுக்கணக்காக வெட்டப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தே போயின. மீனவர் அனைவரும் இயல்பாகவே கடலின் காவலர்கள் என்று எழுதுவது இனிமையானது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

ஆயினும், பாம்பன் அருகே சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்களை நினைத்துப் பாருங்கள். சேலைமேல் ஆண்களின் சட்டையை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணில் நீச்சல் கண்ணாடி மாட்டி, தீவுகளைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் இவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என ஒவ்வொரு பாசிக்கும் அவர்களிடம் பெயரும் பருவமும் உண்டு. அகர்-அகர் ஆலைகளுக்குச் செல்லும் மூலப்பொருள் அவர்கள் கையால் பறிக்கப்படுகிறது. தாய், மகள் எனப் பழகிய அந்தத் தீவோரம் பூங்காவின் எல்லைக்குள் வந்ததும் அவர்கள் அத்துமீறியவர்கள் ஆயினர். கட்டுப்பாடுகள் இறுகியபோது அபராதமும் பறிமுதலும் அவர்களின் அன்றாடக் கவலைகளாயின.

அதே மாவட்டத்தின் பாக் நீரிணைக் கரையில், காரங்காட்டில், வனத்துறை ஊர்மக்களைச் சேர்த்துச் சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகும் துடுப்புப்படகும் ஸ்நோர்கலிங்கும் அங்கே உண்டு. ஊரவர்க்கு வருவாய் தரும் அத்தகைய முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால், ஒரே கண்ணாடி, ஒரே ஆழம், ஒரே மூச்சு. ஒருவர் அணிந்தால் அது சூழல் சுற்றுலா. இன்னொருவர் அணிந்தால் அது குற்றம். இந்த வேறுபாட்டை இயற்கை வகுக்கவில்லை. கடலடியில் ‘பார்ப்பது’ தீங்கற்றது, ‘எடுப்பது’ தீங்கு என்று நாம் அண்மையில் வகுத்துக்கொண்ட கோடு அது.

அந்தக் கோடு முற்றிலும் தவறா? இல்லை. பவளத்தை வெட்டுவதும் அதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆனால், பார்ப்பதும் தடம் பதிக்கிறது. பாறைமேல் நிற்கும் கால், இழுபடும் நங்கூரம், உடலில் பூசிய வெயில்காப்புப் பசை ஆகியவை பவளத்துக்குக் கேடு செய்பவை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி நம் பவளப்பாறைகள் வெளுத்தபோது, அதற்குப் பாசி பறித்த பெண்ணின் கை காரணமன்று. கரையிலிருந்து நெடுந்தொலைவில் எரிந்த எரிபொருளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதில் பார்வையாளரை ஏற்றிவரும் வானூர்தியின் பங்கும் சிறிது உண்டு.

வங்காளியில் ஒரு பழமொழி வழங்குகிறது: சங்கறுக்கும் வாள் போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இழப்பு என்ற நிலையை இப்படிச் சொல்வார்கள். பாக்பஜாரில் சங்கு அறுப்பவர்களிடையே நான் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன்; பின்னர் அது மனத்தில் தங்கிவிட்டது. குளிப்பவரின் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. கடல் வருவாய்க்கு உரியதாக இருந்தபோது அவர் எடுத்ததில் பெரும்பங்கு அரசுக்குப் போயிற்று. இலங்கைப் பார்களில் மூன்றில் இரண்டு பங்கு. கடல் பாதுகாப்புக்கு உரியதானபோது அவர் எடுப்பதே கூடாதென்றாயிற்று. இரு காலங்களிலும் கடலடியைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்டது குறைவு. இன்று தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்போர் சிலர் காற்றழுத்தியிலிருந்து குழாய்வழிக் காற்றைப் பெற்று நெடுநேரம் ஆழத்தில் இருக்கின்றனர். உடலை முடக்கும் அழுத்தநோய் அவர்களை அச்சுறுத்துகிறது. கிரேக்கத் தீவுகளில் 1860களில் தலைக்கவச உடை வந்தபோது நிகழ்ந்த உயிரிழப்புகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

6

இக்குறிப்பை ஆய்வு மாணவர்களுக்கான ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன்.

தமிழகக் கடல் வரலாற்றை எழுதுவோர் சென்னை, மதுரை, லிஸ்பன், தி ஹேக் ஆவணங்களை நாடுகின்றனர். கொல்கத்தாவை நாடுவோர் சிலரே. ஆசியக் கழகம், தேசிய நூலகம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பழைய வெளியீடுகள் ஆகியவற்றில் நம் கடலின் செய்திகள் பரவிக் கிடக்கின்றன. சங்கு வணிகத்தைப் பொறுத்தவரை, தூத்துக்குடியின் தராசுக்கும் சாங்காரியின் வாளுக்கும் இடையே நடந்ததை இரு முனைகளிலிருந்தும் சேர்த்து எழுத வேண்டும். வங்காளி படிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர் ஒருவர் இதில் இறங்கினால் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

அதைவிட அவசரமானது வேறொன்று. 1961இன் குளிப்பில் இருபது வயதில் கடலில் இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. பார்களின் பெயர்கள், கரையடையாளங்கள், நீரோட்டத்தின் குணம், கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அடித்தளம் எப்படித் தெரிந்தது என்பன போன்ற கேள்விகளை அவர்களிடம் கேட்க எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறைவு. ஆவணக்காப்பகம் நாளையும் திறந்திருக்கும். அவர்கள் வீட்டுத் திண்ணை அப்படியன்று. பதிவுக் கருவியோடு திரேஸ்புரத்துக்கும் கீழக்கரைக்கும் சென்று அமர்வதைக் காட்டிலும் முதன்மையான களப்பணி இத்துறையில் எனக்குத் தெரியவில்லை.

கொள்கை வகுப்போருக்கும் இதில் செய்தி உண்டு. அந்தமானில் சிப்பி எடுத்த கரேன் இளைஞர் வழிகாட்டியாக மாற முடிந்ததென்றால், மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவரும் பாசி எடுத்த பெண்ணும் பவளப்பாறையின் கண்காணிப்பாளர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஏன் இருக்கக் கூடாது? ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்துப் படகோட்ட வைப்பதை நான் சொல்லவில்லை. எந்தப் பாறையை எப்போது மூட வேண்டும், எப்போது திறக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் அமர வேண்டும் என்கிறேன். சோதனைக் குளிப்பில் சிப்பியைக் கையில் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்களின் முன்னோர்தாம்.

என் அண்டைவீட்டார் அடுத்த ஆண்டு இராமேசுவரம் வர எண்ணியிருக்கிறார். கோயிலுக்குப் போவார், பாம்பன் பாலத்தைப் பார்ப்பார். அவர் மனைவி சின்னப்பாலம் வரை வரச் சம்மதித்திருக்கிறார். பாசி எடுக்கும் பெண்களுக்கு அவர் கையிலுள்ள வெண்சங்கு வளையல் எந்தக் கடலின் சங்கு என்று சொல்லத் தெரியலாம். கேட்டுப் பார்த்து எழுதுகிறேன்.